பதினொரு பிள்ளைகளும் பன்னிரண்டு பூதங்களும்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் அங்கே இருமல் விட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்த வாரம் என் பின்பக்கம் ஊர் முழுக்கப் பேர் வாங்கிவிட்டது, அதை நீ வேறு யார் வாயாலாவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை முடிவெட்டக் கிளம்பினேன். ஷூ மாட்டுவதற்காக முன்னறையில் கிடந்த பிள்ளைகள் நாற்காலி ஒன்றில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் நான் செய்த தப்பு. நாற்காலியில் பசை, பசைமேல் பச்சைக் காகிதத்தில் சுருள் சுருளாக வெட்டிய ஒரு வால். மூன்று தெருவும் ஒரு மெயின் ரோடும் அந்த வாலோடு நடந்திருக்கிறேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் இன்றைக்கு என்ன இப்படிச் சிரித்த முகமாக இருக்கிறார்கள் என்று நானும் பெருந்தன்மையாகத் திரும்பச் சிரித்துக்கொண்டே போனேன். சலூன்காரர் துணியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இதையும் கொஞ்சம் ட்ரிம் பண்ணிடவா?" என்று கேட்டார். நாற்காலியில் பசை இருந்தது தற்செயல் என்று உன் பெண்டாட்டி சொல்கிறாள். நான் நம்பவில்லை, நம்பவும் போவதில்லை.

வியாழக்கிழமை போனில் நீ பேசிய பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போன் என்றால் நீ குறுக்கே விழுந்து பேசுவாய், கடிதத்தில் உன்னால் அது முடியாது, கடைசி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு படித்தாக வேண்டும். "சின்ன விஷயம்ப்பா, ஒரு சாரி சொன்னா முடிஞ்சுது" என்றாயே, எது சின்ன விஷயம்? உன் பெண்டாட்டி நான் அத்தனை பேர் முன்னால் நின்று தப்பை ஒத்துக்கொள்ளாவிட்டால் பிள்ளைகள் வகுப்பை இழுத்து மூடிவிட்டு, குட்டியையும் கூட்டிக்கொண்டு நீ இருக்கிற ஒற்றை அறைக்கே வந்துவிடுவேன் என்று நாள் குறித்தாளே, அது சின்ன விஷயமா? ஒரு கட்டில் போட்டால் கதவு திறக்காத அறையில் மூன்று பேர் எப்படி இருப்பீர்கள்? இல்லை, அந்தக் குழந்தை போய்விட்டால் இந்த வீட்டில் நானும் உன் அம்மாவும் யார் முகத்தைப் பார்ப்பது? உன் அம்மா முகத்தை நான் பார்த்தாயிற்று. அவள் என் முகத்தை அதைவிட அதிகமாகவே பார்த்தாயிற்று. நடந்தது உனக்கு ஒரு பக்கம்தான் தெரியும், அந்தப் பக்கமும் அழுதுகொண்டே சொன்ன பக்கம். என் பக்கத்தை நான் அழாமல் சொல்கிறேன், கேள்.

நான் ஷூ கம்பெனியை விட்டு ஓய்வு பெற்று வந்த அன்றைக்கே முன்னறை என் கையை விட்டுப் போய்விட்டது என்பது உனக்குத் தெரியும். உன் பெண்டாட்டி நடத்துகிற வகுப்புக்கு வாரத்துக்கு இரண்டு நாள் பதினொரு பிள்ளைகள் வருகின்றன, நாலு வயசும் ஐந்து வயசும். முதலில் ஒரு கதை, பிறகு அந்தக் கதையில் வருவதைக் காகிதம், அட்டை, கம்பளி நூல், பொத்தான் எல்லாம் வைத்துச் செய்ய வேண்டும். என்னுடைய தோல் வெட்டுப்பலகை மாடிப்படிக்கு அடியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒதுங்கியது. சரி, போகட்டும் என்று விட்டேன். ஆனால் அவள் சொல்கிற கதைகளைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாயா? அவள் கதையில் ஓநாய்கூடக் கதவைத் தட்டி "உள்ளே வரலாமா" என்று அனுமதி கேட்கிறது. கதை என்றால் யாராவது யாரையாவது தின்ன வேண்டாமா? ஒரு நாள் அவள் வர நேரமானது, பிள்ளைகள் கூச்சல் போட்டன, நான் போய் ஒரு கதை சொன்னேன். ஷூ பொருந்தாதவர்களின் கால்விரலை ஒரு ராட்சசன் முறுக்கு முறுக்கென்று கடித்துத் தின்கிற கதை. பிள்ளைகள் ஒரு சத்தம் இல்லாமல் கேட்டன. அன்று ராத்திரி மூன்று பிள்ளைகள் ஷூவைக் கழற்ற மாட்டோம் என்று அதோடேயே படுத்துத் தூங்கினவாம். அன்றிலிருந்து எனக்குக் கதை சொல்லத் தடை. "மாமா, உங்க கதைக்கெல்லாம் வயசு வந்தவங்களே டாக்டர்கிட்ட போகணும்" என்றாள். இப்படித்தான் நாங்கள் இருவரும் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தோம், இது சண்டைக்கு முந்தைய நிலவரம்.

போன மாதம் அவள் ஒரு பூதக் கதை சொன்னாள். ஒரு அம்மா பூதம், அதற்கு ஏகப்பட்ட பிள்ளைகள். மழையில் வழி தவறி எல்லாம் ஊருக்குள் வந்துவிட்டன. ஊர்க்காரர்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் பிடித்து, ஒரே மாதிரி சட்டை போட்டு, வரிசையாக நிற்க வைத்துவிட்டார்கள். இதுவரைக்கும் நான் மாடிப்படிக்கு அடியிலிருந்து கேட்டேன், அதற்குள் வாஷிங் மெஷின் துணி பிழியத் தொடங்கிவிட்டது, வீடே அதிர்ந்தது, மிச்சம் என் காதில் விழவில்லை. மிச்சம் என்ன என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா பூதம் வந்து கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்குமாம். இது என் கோணல் மூக்கன், இது என் ஒற்றைக் காதன், இது எனக்கு மூன்று கொம்போடு பிறந்தது என்று கோணலை வைத்தே கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகுமாம். அதற்குத் தகுந்த மாதிரி பிள்ளைகள் ஆளுக்கொரு பூதம் அட்டையில் செய்தன. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மாக்கள் எல்லாம் வருவார்கள், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துத் தங்கள் பிள்ளை செய்த பூதத்தைக் கண்டுபிடிப்பார்கள், இதுதான் அவள் போட்ட திட்டம். நல்ல திட்டம்தான், இப்போது சொல்கிறேன். அப்போது என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் என்று என்னை யாரும் நினைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவள் குட்டியைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள், உன் அம்மா மார்க்கெட் போயிருந்தாள். முன்னறையில் ஒரு கயிறு கட்டி, பூதங்களைத் துணி கிளிப்பில் மாட்டி, மேலே ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டு மூடி வைத்திருந்தாள். தூக்கிப் பார்த்தேன். அடக் கடவுளே. முப்பத்தோரு வருஷம் ஷூவுக்கு மேல்தோல் வெட்டினவன் நான், என் மேஜையிலிருந்து பிசிறோடு ஒரு துண்டு இறங்கியது கிடையாது. இங்கே தொங்கினதெல்லாம் கத்தரிக்கோல் கடித்துத் துப்பியது போல இருந்தன. ஒன்றுக்குத் தலை உடம்பைவிடப் பெரிது, ஒன்றுக்கு வயிறே இல்லை, நம் குட்டி செய்ததற்கு ஏழு கால். கால் என்றால் இரண்டு என்ற கணக்கில் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினவன் இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா போவான்? பாவம், வீட்டுக்கு நாலு பேர் வருகிற நேரம், ஒரு ஒத்தாசை செய்வோம் என்று கத்தியைத் தீட்டினேன். இருப்பதில் ஒழுங்கான ஒன்றின் பிசிறை வெட்டி அதை அச்சாக வைத்து மற்றதை எல்லாம் அதன் அளவுக்குச் சீவினேன். அதிகமாக இருந்த கொம்பு, காது, கால் எல்லாம் போயின. போதாத இடத்தில் பின்பக்கம் அட்டை வைத்து ஒட்டினேன். மேல்தோல் வெட்டுகிறவன் எப்போதும் ஜோடியாகத்தான் வெட்டுவான், ஒன்று வலது, ஒன்று இடது, அது என் கையில் ஊறிப்போனது. அதனால் பாதி பூதங்களை வலப்பக்கம் பார்க்கவும் பாதியை இடப்பக்கம் பார்க்கவும் திருப்பி அமைத்தேன். பதினொன்று ஒற்றைப்படை, ஒன்றுக்கு ஜோடி இல்லை. ஜோடி இல்லாமல் மேஜையை விட்டு எதுவும் இறங்கக்கூடாது என்று எங்கள் சூப்பர்வைசர் கத்துவது இன்னும் காதில் இருக்கிறது. மிச்ச அட்டையில் பன்னிரண்டாவதாக ஒன்றை நானே வெட்டிப் பொத்தான் வைத்து முடித்தேன். ஜோடி ஜோடியாகக் கிளிப்பில் மாட்டிப் போர்வையைப் போட்டுவிட்டுக் கை கழுவினேன். மகனே, உண்மையைச் சொல்கிறேன், ஓய்வு பெற்றதிலிருந்து அவ்வளவு திருப்தியாக நான் கை கழுவியதில்லை.

அவள் திரும்பி வந்தபோதே அம்மாக்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், போர்வையைத் தூக்கிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. எல்லோரும் உட்கார்ந்தார்கள். என் கையில் உன் அம்மா ஜூஸ் டம்ளர் வைத்த தட்டைக் கொடுத்து வாசல்படியில் நிறுத்தினாள். உன் பெண்டாட்டி கதையைச் சொல்லி முடித்துப் போர்வையை இழுத்தாள். பிள்ளைகள் ஓவென்று கத்தும் என்று எதிர்பார்த்தேன், அவை கயிற்றின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடித் தங்கள் பூதத்தைத் தேடின. மருந்துக்கடைக்காரம்மாதான் முதலில் கண்ணை மூடிக்கொண்டு போனாள், தடவினாள், மறுபடி தடவினாள், குத்துமதிப்பாக ஒன்றைப் பிடித்தாள். அவள் பையன் "அது நான் செஞ்சதே இல்ல!" என்று அலறினான். அடுத்தவளும் தப்பு, அதற்கடுத்தவளும் தப்பு. பெற்ற பிள்ளை செய்ததே தெரியவில்லையே என்று அத்தனை பேருக்கும் முகம் சுருங்கிப்போயிற்று, பிள்ளைகள் கயிற்றுக்கு அடியில் நின்று தேம்பின. குட்டி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்து, "என் பூதத்துக்கு ஏழு கால், இங்க எல்லாத்துக்கும் ரெண்டுதான் இருக்கு, யாரோ நடக்க முடியாம பண்ணிட்டாங்க" என்றாள். அப்போது வக்கீலம்மா எழுந்தாள். இவள் பெண் நம் குட்டிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். கோர்ட்டில் நிற்பது போலவே ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பதினோரு பிள்ளைங்க, பன்னிரண்டு பூதம். எல்லாம் ஒரே அளவு. எங்க குழந்தைங்க கையால செஞ்சதுன்னு சொல்லி நீங்களே செஞ்சு மாட்டி வச்சிருக்கீங்க, அப்படித்தானே? அப்போ இத்தனை நாளா வீட்டுக்கு வந்ததெல்லாம் யார் செஞ்சது? இதுக்குப் பேரு என்னம்மா?" என்று கேட்டாள். கேட்டாள் என்றால் ஒரு முறை இல்லை, பத்து நிமிஷம் கேட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உன் பெண்டாட்டி ஒரு பூதத்தைக் கையில் எடுத்து ஓரத்தை விரலால் தடவினாள். கத்தரிக்கோல் ஓரம் வேறு, கத்தி ஓரம் வேறு, அவளுக்குத் தெரியாதா? திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "தப்பு நடந்துடுச்சு, என்னன்னு பாத்து சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள். மூன்று அம்மாக்கள் அங்கேயே பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு நடந்ததை நீ கேட்டிருக்கிறாய், நானும் திருப்பிக் கொடுத்தேன் என்பதையும் கேட்டிருப்பாய். "பிள்ளைங்க கோணலா செய்யறதுக்குத்தான் மாமா இந்த வகுப்பே. நேரா வேணும்னா கடையிலயே வாங்கிக்க மாட்டாங்களா?" என்றாள். "கோணலா செய்ய வகுப்பு எதுக்கும்மா, அது தானா வருமே" என்றேன். உன் அம்மா நடுவில் புகுந்து "உங்க கை ரெண்டையும் மடியில வச்சுக்கிட்டு ஒரு நாளாவது இருந்திருக்கீங்களா?" என்று என்மீதே பாய்ந்தாள், இந்த வீட்டில் எனக்கு ஒரு ஓட்டு, அதுவும் என்னுடையது மட்டும். "நான் சொல்ல மாட்டேன் மாமா. நான் சொன்னா மாமனார் மேல பழி போட்டு தப்பிக்கறாள்னுதான் நினைப்பாங்க. அடுத்த வாரம் எல்லாரையும் கூப்பிடறேன், நீங்க உங்க வாயால சொல்லணும். இல்லேன்னா எனக்கு இங்க வேலை இல்ல" என்றாள். அதுதான் கெடு. சொல்ல மாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன். என் வயசென்ன, வக்கீலம்மா வயசென்ன!

அந்த வாரம் இந்த வீட்டில் யாரும் யாரோடும் நேராகப் பேசவில்லை. "குட்டி, உன் தாத்தாவுக்குச் சாப்பாடு வச்சாச்சுன்னு சொல்லு" என்பாள் உன் பெண்டாட்டி, நான் இரண்டு அடி தள்ளித்தான் நிற்பேன். "குட்டி, தாத்தாவுக்குக் கண்ணு தெரியும்னு உங்க அம்மாகிட்ட சொல்லு" என்பேன் நான். தட்டு மேஜையில் விழுகிற சத்தத்தில் நாலாவது வீட்டு நாய் குரைத்தது. புதன்கிழமை மிச்சமிருந்த எட்டுப் பிள்ளைகளுக்கு அவள் கதை சொல்லும்போது நான் மாடிப்படிக்கு அடியில் கத்தி தீட்டினேன், தீட்ட வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை, சும்மா தீட்டினேன். வியாழக்கிழமை முன்னறைக் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. பெரிய மூக்கும் மீசையுமாக ஒரு கிழவன், கையில் கத்தி, மேலே சிவப்பில் பெருக்கல் குறி. பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாதே, அதனால் படம். வரைந்தது நம் குட்டி. மூக்கு நன்றாகவே வந்திருக்கிறது. அன்று மதியம் உன் பெண்டாட்டி பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டினாள். நான் பார்க்க வேண்டும் என்று தட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பார்க்க வேண்டும் என்று செய்கிறவளை எனக்குத் தெரியும், முப்பத்தைந்து வருஷத்தில் உன் அம்மா மூன்று முறை பெட்டி கட்டியிருக்கிறாள், மூன்று முறையும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கட்டினாள். இவள் கதவைச் சாத்திவிட்டுத் தட்டினாள். குட்டியின் சின்னச் சட்டைகளை மடித்து அடுக்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் நீயும் போன் செய்து சின்ன விஷயம் என்றாய்.

நேற்று எல்லோரும் வந்தார்கள், நிறுத்திக்கொண்ட மூவரில் இருவரும் வந்தார்கள், வக்கீலம்மா முதல் நாற்காலியில். பேச வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன், பதற்றத்தில் உன் அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், ஒரு எழுத்தும் தெரியவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். "வெட்டினது நான்தாம்மா. பதினோரு பூதத்தையும் நான்தான் வெட்டினேன், பன்னிரண்டாவது என்னோடது. என் மருமகளுக்குத் தெரியாது. அவ ஒண்ணும் பண்ணல. பிள்ளைங்க செஞ்சது நல்லாத்தான் இருந்துச்சு, எனக்குத்தான் பாக்கத் தெரியல" என்றேன். மருந்துக்கடைக்காரம்மாவின் பையன் எழுந்து "தாத்தா, அப்போ எங்க பூதத்தோட மிச்சமெல்லாம் எங்க?" என்று கேட்டான். குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் சொன்னேன், பொய் சொன்னால் இந்தக் கூட்டம் கண்டுபிடித்துவிடும். அவன் இனிமேல் என்னோடு பேசப் போவதில்லை என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தான். வக்கீலம்மா விடவில்லை. "அதெல்லாம் சரி பெரியவரே, அன்னைக்கு நாங்க இந்தப் பொண்ணை அந்தப் பேச்சு பேசினோம், நீங்க அந்த வாசல்லதான நின்னீங்க? அப்பவே ஏன் சொல்லல?" என்றாள். "கையில ஜூஸ் தட்டு இருந்துச்சும்மா, பேசினா கொட்டிடும்னு பயம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், வக்கீலம்மாகூடச் சிரித்தாள், உன் பெண்டாட்டியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். சிரிக்காத ஒரே ஆள் உன் பெண்டாட்டி. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக வகுப்பு நடக்கிறது, பத்துப் பிள்ளைகள், பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, உங்கள் ஒற்றை அறை தப்பித்தது. அதற்காக எங்களுக்குள் சமாதானம் என்று நினைத்து நீ அங்கே இனிப்பு எடுத்து வாயில் போட்டுக்கொள்ளாதே. என் படம் இன்னும் கதவில்தான் இருக்கிறது, பெருக்கல் குறிமேல் புதிதாக இன்னொரு பெருக்கல் குறி வந்திருக்கிறது. இன்று காலையும் அவள் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. அவளுடைய ஓநாய் இன்னமும் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வருகிறது, அதை நான் என்றைக்கும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். நனைந்த ஷூவை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே, தோல் வெடித்துவிடும், உள்ளே பழைய காகிதத்தைத் திணித்து நிழலில் வை, இதை நூறு முறை சொல்லியிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு நாளாவது அவளிடம் தனியாகப் போனில் பேசு, என்னைப் பற்றிப் பேசினாலும் பரவாயில்லை. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வேலை நிலைக்க வேண்டும், உன் பிள்ளை உன் கண்முன்னே வளர வேண்டும்.

இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டாதே, முக்கியமாக இனி எழுதப்போவதை. நேற்று எல்லோரும் போன பிறகு அவள் பிரஷ்களைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, குட்டியை நடுவில் வைக்காமல் என்னிடமே கேட்டாள், "நிஜமா தட்டுதான் காரணமா மாமா?" என்று. ஆமாம் என்றேன். ஆமாம் இல்லை. அன்று எனக்குப் பேச்சு வராமல் போகவில்லை, தொண்டை வரைக்கும் வந்தது, நான்தான் விழுங்கினேன். வக்கீலம்மா அவளை நிற்க வைத்துக் கேட்கக் கேட்க, அவள் தலை குனியக் குனிய, எனக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பா